நீலச் சதுரத்துக்குப் பூஜ்யம்

சான்றுக் கடிதம் – 1

முக்கோ, தொங்ஹே
11 மார்ச் 2024, திங்கள்

அனுப்புநர்: பியோ குவாங்சிக், வயது 74
பெறுநர்: ஓக் ஜேரியோங், வயது 71, தேஜோன்

ஜேரியோங்,

'படகுத்துறை வீடு' தொடரின் 57 முதல் 60 வரையிலான நான்கு பாகங்களையும், மார்ச் 5, செவ்வாய்க்கிழமை, எனக்குத் தெரியாமல் நீ தனியாகப் பார்த்துவிட்டாய். இதுதான் நீ எனக்குச் செய்த தீங்கு. மற்றதெல்லாம் இதற்குக் கீழேதான்.

போனில் சொன்னதற்கு முத்திரை கிடையாது. அதனால் எழுதுகிறேன். ஒரே மாதிரி மூன்று பிரதி. ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு, இன்னொன்று அஞ்சலகத்தில் மூன்று வருஷம் இருக்கும். வீட்டுக்காரன் வாடகைக்காரனுக்கு அனுப்புவதைத்தான் பார்த்திருக்கிறேன். நானும் ஒருநாள் அனுப்புவேன், அதுவும் உனக்கு அனுப்புவேன் என்று நினைத்ததில்லை. அஞ்சலகத்து தாக் என்கிற பெண் மூன்று பிரதியையும் வரிவரியாக ஒத்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரியவரே, இதுல சொத்து விவகாரம் எதுவுமே இல்லையே?"

"இல்ல."

"சாதாரணத் தபால்ல போட்டாலும் போயிடுமே."

"வரலேன்னு அவன் சொல்லக் கூடாது."

"நண்பரா?"

"அதத்தான் கேட்டு எழுதியிருக்கேன். முத்திரையக் குத்து."

அவள் குத்துவதற்குள் மூன்று பிரதியையும் திரும்ப வாங்கி, இந்தப் பேச்சையும் சேர்த்து மறுபடி எழுதினேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மார்ச் 9, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு நாம் 57ஆம் பாகம் பார்க்க வேண்டும். முதுகெலும்பு அறுவைக்குப் பிறகு நான் எப்படிப் பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். மல்லாந்து படுத்து, கண் முன்னால் படம் காட்டும் திரைக்கண்ணாடியை மாட்டி, அதன் வயரைப் போனில் செருகி, போனை மார்பின் மேல் வைத்துக்கொண்டேன். கூரையில் பட்டியல் விரிந்தது. பார்த்ததற்கான பச்சைக் குறி 56 வரைதான் இருந்திருக்க வேண்டும். 60 வரை இருந்தது. நீ மறுமுனையில் கணவாய்க் கருவாட்டை மென்றுகொண்டு, "எண்ணுங்கண்ணே, நான் ரெடி" என்றாய். நான் ஒன்று, இரண்டு என்றேன். மூன்று சொல்லாமல் போனை வைத்தேன்.

உன் மகன் கியுவோன் நமக்கு இந்தக் கண்ணாடிகளை வாங்கிக் கொடுத்தபோது, தொடர் இருக்கும் சேமிப்பகத்தை நம் இருவருக்கும் ஒரே பயனர் பெயரில் திறந்து வைத்தான். எந்தச் செயலியில் பார்த்தாலும் அது குறித்துக்கொள்ளும். தேதி, நேரம், செயலியின் பெயர், எல்லாம். காலை 9.10 முதல் மதியம் 12.40 வரை நீ நான்கு பாகங்களையும் ஓட்டியிருக்கிறாய். அதுவும் நான் வேண்டாம் என்று தள்ளிய நீலச் சதுரம் என்ற செயலியில்.

1982இல் 56ஆம் பாகம் முடிந்த மறுநாள் நான் சவூதிக்குப் போனேன். ஜுபைலில் இரண்டு வருஷம் மின்கம்பி இழுத்தேன். பேருந்து நிலையத்தில் நீ சொன்னாய், "நீங்க வர்ற வரைக்கும் நானும் பாக்க மாட்டேண்ணே. முடிவு நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான்." யாரும் உன்னைக் கேட்கவில்லை. நீயாகச் சொன்னாய். திரும்பி வந்தபோது தொடர் எங்கும் கிடைக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தேடத் தொடங்கி, வொன்ஜுவில் ஒருவரிடம் வீடியோ நாடாக்கள் இருப்பதை நான் கண்டுபிடிக்கப் பதினோரு வருஷம் ஆயிற்று. நாடாவிலிருந்து மாற்றுவதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானே படித்தேன், நானே செய்தேன். அறுபது பாகம். ஐம்பத்தாறு சனிக்கிழமை நாம் ஒழுங்காகப் பார்த்தோம்.

செய்ய வேண்டியவை:
1. ஏன் பார்த்தாய் என்று பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்: ஓக் ஜேரியோங்.
2. முடிவை எனக்கோ வேறு யாருக்கோ சொல்லக் கூடாது: அவனே.
3. என்னைப் போனில் கூப்பிடக் கூடாது: கியுவோன் உட்பட எல்லோரும்.

பியோ குவாங்சிக்


தேஜோன்
16 மார்ச் 2024, சனி

அண்ணா,

உங்கள் கடிதத்தை வாங்கிய மருமகள் முத்திரையைப் பார்த்து வெளுத்துப் போனாள். "மாமா, யார் நம்ம மேல கேஸ் போட்டிருக்காங்க?" என்றாள். அண்ணன்தான் என்றேன். நம்பவில்லை.

தெரியாமல் கைபட்டு ஓடிவிட்டது. அவ்வளவுதான். நான் தூங்கிவிட்டேன். அது தானாக ஒவ்வொன்றாக ஓடியிருக்கும். இந்தக் கருவிகளின் குணம் உங்களுக்குத் தெரியாததா.

இன்று சனிக்கிழமை. இரண்டு மணி ஆகப் போகிறது. போனைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஜேரியோங்


சான்றுக் கடிதம் – 2

முக்கோ
20 மார்ச் 2024, புதன்

ஜேரியோங்,

நீ பொய் சொன்னாய். இது இரண்டாவது தீங்கு.

தூங்குகிறவன் படத்தை நிறுத்திப் பின்னால் இழுத்துப் பார்க்க மாட்டான். 58ஆம் பாகத்தில் பதினோரு இடத்தில் பின்னால் இழுத்திருக்கிறாய். 60ஆம் பாகத்தின் கடைசி ஆறு நிமிடத்தை நான்கு முறை பார்த்திருக்கிறாய். சேமிப்பகம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது.

உன் கடிதத்தின் எழுத்து இன்னொரு விஷயம். பக்கத்துக்கு ஐந்து வரி. ஒவ்வோர் எழுத்தும் கடைப்பலகை எழுத்து மாதிரி. வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. எனக்குக் கண் தெரியாது என்று கேலியா? எனக்கு முதுகுதான் போயிற்று. கண் நன்றாகத்தான் இருக்கிறது.

செயலிகளை நான் விளையாட்டுக்கு ஒப்பிட்டேன் என்று நீ நினைத்திருக்கலாம். அதனால் அந்தக் கதையையும் எழுதுகிறேன். போன செப்டம்பரில் இந்தக் கண்ணாடிகள் வந்த பிறகு, முதல் மூன்று சனிக்கிழமை ஆளுக்கொரு செயலியில் பார்த்தோம். உன்னுடையது இரண்டு வினாடி முந்திப் போயிற்று. வேடிக்கை வருவதற்கு முன்னால் நீ சிரித்தாய். யாராவது சாவதற்கு முன்னால் உச்சுக் கொட்டினாய். எனக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. அதனால்தான் இரண்டு பேருக்கும் ஒரே செயலி என்று முடிவு செய்து, நான்கையும் இரண்டு மாதம் சோதித்துப் பதினான்கு பக்கம் எழுதினேன்.

சிவப்புப் பொத்தான்: பழைய சதுரப் படத்தை அகலமாக இழுத்துவிடும். எல்லோர் முகமும் ஆவியில் வெந்த ரொட்டி மாதிரி உப்பியிருக்கும். நடுவில் விளம்பரம் வேறு. ஒரு சாவுக் காட்சியில் கிம்ச்சி குளிர்பெட்டி விற்றான். மதிப்பெண் 1.

மஞ்சள் வட்டம்: போன் திரை அணைந்தால் படமும் நின்றுவிடும். கண்ணாடி போட்டுப் படுத்திருப்பவன் போனை எதற்காகப் பார்க்க வேண்டும்? பொத்தான்கள் எல்லாம் வெள்ளை. இந்தக் கண்ணாடியில் கறுப்பு என்றால் ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் சுவர் தெரியும். வெள்ளை என்றால் கண்ணில் டார்ச் அடித்த மாதிரி. மதிப்பெண் 4.

வெள்ளை நரி: படத்தைக் கூரையில் ஓர் இடத்தில் ஆணி அடித்தது போல நிறுத்தும். தலையைத் திருப்பினாலும் கூட வராது. விட்ட இடம் ஞாபகம் வைத்திருக்கும். பட்டியல் கறுப்புப் பின்னணியில் அடக்கமாக இருக்கும். நாடாவில் வரும் கோடுகளைக்கூட மழுப்பித் தரும். மதிப்பெண் 9.

நீலச் சதுரம்: படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கலாம். ஓரத்துக்கு இழுத்து ஒதுக்கலாம். ஒரு குரல் பட்டியலை வாசித்துக் காட்டும். திரையை விரித்து வைத்துவிட்டு எவன் மூலையில் பார்ப்பான்? கண் முன்னால் இருக்கும் பட்டியலை எவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்? மதிப்பெண் பூஜ்யம்.

இதை நான் டிசம்பரில் உனக்குப் போனில் முழுக்கப் படித்தேன். நீ மட்டும் நீலச் சதுரம், நீலச் சதுரம் என்றாய். காரணம் கேட்டால் "அதுதான் எனக்குத் தோதா இருக்கு" என்றாய். அது காரணமா? பிறகு சரி என்று வெள்ளை நரிக்கு ஒப்புக்கொண்டாய். ஒப்புக்கொண்ட பிறகு ஒளிந்து போய் நீலச் சதுரத்தில் பார்த்திருக்கிறாய். முடிவைத் திருடியது ஒரு பக்கம். அதை நான் தள்ளிய செயலியில் வைத்துத் திருடியது இன்னொரு பக்கம்.

போன சனிக்கிழமை நானும் படுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். 57ஐ ஓட்டவில்லை. பட்டியல் மட்டும் கூரையில் நின்றது. வீட்டில் சத்தம் இல்லை. மூன்று மணிக்குக் கண்ணாடி சூடாகி நெற்றியில் சுட்டது. கழற்றி வைத்தேன்.

செய்ய வேண்டியவை:
1. உண்மையான காரணத்தை எழுத வேண்டும்: ஓக் ஜேரியோங்.
2. எழுதாவிட்டால் சேமிப்பகத்திலிருந்து 57 முதல் 60 வரை அழிக்கப்படும். யாரும் பார்க்க வேண்டாம்: பியோ குவாங்சிக்.

பியோ குவாங்சிக்


தேஜோன்
27 மார்ச் 2024, புதன்

அண்ணா,

அழித்துவிடுங்கள். உங்கள் பொருள்.

உங்களுக்குத் தீங்குகளைப் பட்டியல் போடத் தெரியும். எனக்கும் ஒன்று இருக்கிறது. டிசம்பரில் நான் நீலச் சதுரம் என்றபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லையே. நான் எழுதுகிறேன். "ஒனக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்றீர்கள். சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பிறகு பதினான்கு பக்கத்தையும் வாசித்தீர்கள். இரண்டு மணி நேரம். ஒரே ஒரு கேள்வி நீங்கள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாம் வேலை பார்த்த ஆலையிலும் அப்படித்தான். எந்த மோட்டார் ஏன் நின்றது என்று ஓட்டுகிறவனைக் கேட்க மாட்டீர்கள். நீங்களே திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

முடிவைத் திருடினேன் என்கிறீர்கள். 1982 நவம்பரில் என் மனைவி அதைப் பார்க்கிறபோது நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். நான்கு முறை. காது இரண்டிலும் விரலை வைத்துக்கொண்டு. பக்கத்து வீட்டுக்காரன் எனக்குப் பைத்தியம் என்றான். அவளுக்கு முடிவு தெரியும். முப்பத்தைந்து வருஷம் என்னோடு இருந்தாள். கடைசிவரை சொல்லாமலே போய்விட்டாள். சொல்லாதே என்று நான் கேட்டிருந்ததால். நாற்பத்தொரு வருஷம் நான் பொறுத்தது உங்கள் சேமிப்பகத்தில் குறித்திருக்காது.

இந்த வீடு பத்தொன்பதாம் மாடி. எட்டு மணிக்கு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். அரிசிக்குக்கர் பேசும், துணி துவைக்கும் இயந்திரம் பேசும், லிப்ட் பேசும். சனிக்கிழமை நீங்கள் பேசுவீர்கள். இப்போது அதுவும் இல்லை. பரவாயில்லை.

என் கண்ணாடியைத் தனிப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். எனக்கு இனி அது தேவைப்படாது. உங்களுடையது பழுதானால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜேரியோங்


முக்கோ
2 ஏப்ரல் 2024, செவ்வாய்

ஜேரியோங்,

இது சான்றுக் கடிதம் இல்லை. சாதாரண அஞ்சலட்டை.

கண்ணாடி வந்தது. இடது மூக்குத் தாங்கியை வெளிப்பக்கம் வளைத்து வைத்திருக்கிறாய். அதைப் போட்டால் முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு இடது கடைக்கண்ணால்தான் பார்க்க முடிகிறது. நீலச் சதுரத்தை இறக்கி நம் பயனர் பெயரைப் போட்டேன். நீ அமைத்தது அப்படியே வந்தது. படம் இடது மூலையில், மூன்று மடங்கு பெரிதாக.

எந்தக் கண்?

குவாங்சிக்


தேஜோன்
8 ஏப்ரல் 2024, திங்கள்

அண்ணா,

இரண்டும்.

மருமகள் எழுதித் தருகிறாள். அதனால் இந்தமுறை எழுத்து சின்னதாக இருக்கும். கேலி இல்லை.

விழித்திரையின் நடுப்பகுதியில் வருகிற நோய். நடுவில் இருப்பது போகும், ஓரம் இருக்கும். இடது கண்ணில் போன கோடையிலேயே தொடங்கியது. நவம்பரில் வலதிலும் வந்துவிட்டது என்றார்கள். மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே. இது நிறுத்தாது, மெதுவாக்கும் என்றார் டாக்டர். எனக்கு மெதுவாகவும் ஆகவில்லை.

வெள்ளை நரியில் படம் நேர் எதிரே நின்றது அண்ணா. நேர் எதிரேதான் எனக்கு ஒன்றும் இல்லை. ஜனவரியிலிருந்து ஓரத்தில் பார்த்ததையும் காதால் கேட்டதையும் வைத்துச் சமாளித்தேன். நீங்கள் சிரித்தால் சிரித்தேன். நான் அரை வினாடி பிந்திச் சிரித்தது உங்களுக்குத் தெரியவில்லை. முந்திச் சிரித்தால்தானே உங்களுக்குக் கோபம் வரும்.

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை, 55ஆம் பாகம். கிழவி அழுகிற காட்சி. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை, தலைமுடி மட்டும் வளையமாக இருந்தது. அதற்குள் முகம் இல்லை. அடுத்த வாரம் 56இல் முடிகூட இல்லை. இன்னும் நான்கு பாகம், நான்கு வாரம். கண் நான்கு வாரம் காத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை காலை எல்லோரும் போன பிறகு உட்கார்ந்தேன். நீலச் சதுரத்தில் படத்தை மூலைக்கு இழுத்து, பெரிதாக்கி, துண்டு துண்டாகப் பார்த்தேன். ஒரு முகத்துக்கு மூன்று துண்டு. அதனால்தான் அத்தனை முறை பின்னால் இழுத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "சரி, நாலையும் இன்னைக்கே பாத்துடலாம்" என்றிருப்பீர்கள். பரிதாபப்பட்டு ஒரே நாளில் முடித்திருப்பீர்கள். பிறகு சனிக்கிழமைக்கு என்ன இருக்கும்? நான் முன்னால் பார்த்துவிட்டு, வாரம் ஒன்றாக உங்களோடு மறுபடியும் பார்க்கிற மாதிரி நடித்தால் நான்கு சனிக்கிழமை மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன். பச்சைக் குறியை நினைக்கவில்லை. பட்டியல்தான் எனக்குத் தெரிவதில்லையே.

இதைச் சொல்லி எழுத வைக்கும்போது மருமகளுக்கே இப்போதுதான் பாதி தெரிகிறது. பேனாவை வைத்துவிட்டு மூக்கைச் சிந்துகிறாள். "மாமா, எங்க கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்கிறாள். எழுது, அப்புறம் திட்டலாம் என்றேன்.

இப்போது முடிவு எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றிப் பேச உலகத்தில் ஓர் ஆள் இல்லை. ஒரு மாதமாக அதை வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அழிக்காமல் இருந்தால் நீங்களாவது பாருங்கள்.

ஜேரியோங்


சான்றுக் கடிதம் – 3

முக்கோ
15 ஏப்ரல் 2024, திங்கள்

அனுப்புநர்: பியோ குவாங்சிக்
பெறுநர்: ஓக் ஜேரியோங்

ஜேரியோங்,

ஒரு நோயை என்னிடமிருந்து எட்டு மாதம் மறைத்தாய். இது மூன்றாவது தீங்கு. முதல் இரண்டைவிடப் பெரியது. நான் உன்னைக் கேட்கவில்லை என்று நீ எழுதியதை மறுக்கவில்லை. அது என் கணக்கில் இருக்கட்டும். அதனால் உன்னுடையது குறைந்துவிடாது.

கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நானே திறந்து பார்த்துக் கண்டுபிடிப்பேன் என்றாய். அப்படித்தான் செய்தேன். உன் கடிதம் வந்த மறுநாள், கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நூறு வொன் நாணயம் அளவுக்கு வட்டமாக வெட்டி, என் படிக்கும் கண்ணாடியின் இரண்டு பக்கமும் நடுவில் ஒட்டினேன். திரைக்கண்ணாடியிலும் அப்படியே ஒட்டினேன். மூன்று நாள் எடுக்கவில்லை. கண்ணைத் திருப்பினால் அது டேப்பைத் தாண்டிப் பார்த்து ஏமாற்றுகிறது; உனக்கோ அந்த மறைப்பு கண்ணோடு கூடவே வரும். அதனால் உன்னுடையது இன்னும் மோசம் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதல் நாள் வெந்நீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிக் கையைச் சுட்டுக்கொண்டேன். கடைக்குப் போனேன். மீன்காரி "என்ன பெரியவரே, பாத்தும் பாக்காத மாதிரி போறீங்க, பழைய பாக்கியா?" என்றாள். அவள் கழுத்து தெரிந்தது. மணிக்கட்டு தெரிந்தது. யார் என்று குரலை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. நாற்பது வருஷமாக அவளிடம் மீன் வாங்குகிறேன்.

இரண்டாம் நாள் நான்கு செயலிகளையும் முதலிலிருந்து சோதித்தேன். சிவப்புப் பொத்தானில் முகம் உப்புவது இப்போது ஒரு குறையாகவே தெரியவில்லை, ஏனென்றால் முகமே இல்லை. மஞ்சள் வட்டத்தின் வெள்ளைப் பொத்தான் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அதை அன்று திட்டினேன், இன்று அதைத் தடவிப் பிடித்துத்தான் படத்தை ஓட்டினேன். வெள்ளை நரியின் அடக்கமான பட்டியல் இருந்த இடமே தெரியவில்லை. அது படத்தை ஆணி அடித்த மாதிரி நிறுத்துகிறதே, அந்த ஆணி சரியாக டேப்பின் மேல் அடித்திருந்தது. நீலச் சதுரத்தில் குரல் சொல்லச் சொல்லக் கேட்டு, படத்தை மூலைக்கு இழுத்து, ஒரு பாகம் முழுக்கப் பார்த்தேன். 55ஆம் பாகம். கிழவி அழுவது கேட்டது. பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. யார் என்று தெரியவில்லை. பிப்ரவரியில்தான் பார்த்தேன், ஆனாலும் தெரியவில்லை. யாராவது பக்கத்தில் இருந்து சொன்னால் போதும் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் டேப்பைப் பிய்த்தேன்.

பதினான்கு பக்கத்தில் நான்கு பக்கத்தைத் திருத்தி எழுதினேன். வெள்ளை நரி 3. மஞ்சள் வட்டம் 5. சிவப்புப் பொத்தான் 1, அது மாறவில்லை. நீலச் சதுரம் 9. பத்து தரவில்லை. அந்தக் குரல் அவசரக்காரி, ஒரு பெயரை முடிப்பதற்குள் அடுத்ததுக்குப் போய்விடுகிறாள்.

57 முதல் 60 வரை அழிக்கவில்லை. பார்க்கவும் இல்லை. சேமிப்பகத்தில் நீயே சரிபார்க்கலாம், அவசரக்காரி வாசித்துக் காட்டுவாள்.

தாக் இந்தமுறை மூன்று பிரதியையும் ஒத்துப் பார்க்க நிறைய நேரம் எடுத்தாள். வரிசையில் பின்னால் நின்றவர் முணுமுணுத்தார். அவள் நிமிரவே இல்லை. முடித்துவிட்டு, "அந்த டேப்ப கண்ணாடியில ஒட்டாதீங்க பெரியவரே, பசை போகாது" என்றாள். போய்விட்டது, மண்ணெண்ணெய் போட்டேன் என்றேன். இதையும் சேர்க்க மூன்று பிரதியையும் திரும்ப எழுதினேன்.

இந்தப் பிரதி மூன்று வருஷம் அஞ்சலகத்தில் இருக்கும். அதுவரை கீழே இருப்பதை நீயும் மறுக்க முடியாது, நானும் மறுக்க முடியாது.

செய்ய வேண்டியவை:

1. ஊசிக்கு மாதம் தவறாமல் அழைத்துப் போக வேண்டும். தேதியை எனக்குத் தெரிவிக்க வேண்டும். டாக்டர் சொன்னதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: கியுவோன். என்னைப் போனில் கூப்பிடக் கூடாது என்ற தடை அவனுக்கு இன்றோடு நீங்குகிறது.

2. உன் கண்ணாடியை இதனுடன் தனிப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். மூக்குத் தாங்கியை நிமிர்த்தவில்லை. நீ வளைத்தபடியே இருக்கிறது. போட்டுக்கொள்ள வேண்டும்: ஓக் ஜேரியோங். தேவைப்படாது என்பதை நீ தீர்மானிக்க முடியாது.

3. ஏப்ரல் 20, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி, 57ஆம் பாகம். இருவருக்கும் நீலச் சதுரம். எண்ணுவது: நான். மூன்று வரை எண்ணுவேன்.

4. வாரம் ஒன்றுதான். இரண்டு இல்லை. உன் கண் காத்திருந்தாலும் காத்திருக்காவிட்டாலும் வாரம் ஒன்றுதான்: இருவரும்.

5. திரையில் தெரிவதை எல்லாம் வாயால் சொல்வது: நான். யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்தார்கள், எவள் முகத்தில் என்ன இருக்கிறது, எல்லாம். எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். சுவிட்ச் பலகையைப் பற்றிச் சொல்கிற மாதிரித்தான் சொல்வேன். 56ஆம் பாகத்தை வைத்து மூன்று நாளாகப் பழகுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி நான் தனியாகப் பேசுகிறேன் என்று மேலே வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

6. நான் சொல்லும்போது சிரிக்கக் கூடாது. திருத்தக் கூடாது. வரப்போவதை நினைத்து முன்கூட்டியே பெருமூச்சு விடவும் கூடாது: ஓக் ஜேரியோங்.

7. கணவாய் மெல்லலாம்: அவனே.

8. 60ஆம் பாகம் முடிந்த பிறகு அடுத்தது எது என்று தேர்ந்தெடுக்க வேண்டும்: ஓக் ஜேரியோங். நூறு பாகத்துக்குக் குறையாத தொடராக இருக்க வேண்டும். நாடாவைத் தேடுவது: நான்.

9. மே 11, சனிக்கிழமை, 60ஆம் பாகம். அதன் கடைசி ஆறு நிமிடத்தை நீ நான்கு முறை பார்த்திருக்கிறாய். அந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், போன் துண்டித்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடக் கூடாது. எனக்குச் சொல்ல வரவில்லை என்று அர்த்தம். அங்கிருந்து நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்: ஓக் ஜேரியோங்.

பியோ குவாங்சிக்